ஸ்டுடிபேக்கர்: ஒரு லொறி, இரண்டு ஞாபகம்

மல்ரி பரல் எண்டா எங்கட பக்கத்தில விளக்கம் சொல்லத் தேவையில்லை. சத்தத்தை வைத்தே எத்தனை போகுது எண்டு எண்ணத் தெரிந்த ஆக்கள் இன்னும் இருக்கினம். 2000ஆம் ஆண்டில் இலங்கை இராணுவம் வாங்கிய அந்த ஆர்.எம்-70 செக்கோஸ்லோவாக்கியாவில் உருவானது. அதற்கு மூத்தது சோவியத்தின் 'கிராட்'. கிராட்டுக்கும் மூத்தது, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன்காரரைக் கலங்கடித்த கத்யூஷா. இந்த வம்சாவளியைத் தேடிக்கொண்டு போன ஒரு இரவில்தான் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் மாட்டுப்பட்டேன். பதினாறு ரொக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிற கத்யூஷா. எல்லாம் சரி, ஆனால் அதைச் சுமந்து நிற்கிற லொறியின் முகம் ரஷ்ய முகமாகத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் அது அமெரிக்க லொறி. இந்தியானா மாநிலத்தில் சவுத் பென்ட் என்ற ஊரில் செய்த ஸ்டுடிபேக்கர் யூஎஸ்6.

ரொக்கெட்டை விட்டிட்டு லொறியைப் பிடிச்சுக்கொண்டு போனேன். அது கொண்டு போய் இறக்கிவிட்ட இடம் நான் நினைச்ச இடமில்லை.

முதலில் கம்பனியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டுடிபேக்கர் தொடங்கினது லொறியோடு இல்லை, வண்டிலோடு. 1852இல் ஹென்றி, கிளெமென்ட் என்ற இரண்டு சகோதரர்கள் சவுத் பென்டில் ஒரு கொல்லன் பட்டறை போட்டார்கள். குதிரை வண்டில் செய்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. வடக்குப் படைக்கு வண்டில் விற்றார்கள். பட்டறை பெரிய தொழிற்சாலையானது. 1902இல் அவர்கள் செய்த முதல் கார் மின்சாரத்தில் ஓடினது. (இப்ப எல்லாரும் புதுசு எண்டு நினைக்கிற சாமான்.) இரண்டு வருடத்தில் பெற்றோலுக்கு மாறினார்கள். 1930களின் பெருமந்தத்தில் கம்பனி கடனில் மூழ்கி, 1933இல் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் போனது. அதன் தலைவர் அல்பேர்ட் எர்ஸ்கின் அதே வருடம் தற்கொலை செய்துகொண்டார். தூக்கி நிறுத்தினது போல் ஹொஃப்மன், ஹரோல்ட் வான்ஸ் என்ற இரண்டு பேர். ஹொஃப்மனின் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு வருவார்.

1940-41இல் அமெரிக்க இராணுவத்துக்கு இரண்டரைத் தொன் லொறி வேண்டியிருந்தது. இரண்டரைத் தொன் என்பது பாதையில்லாத இடத்தில் ஏற்றக்கூடிய பாரம். நல்ல தார் வீதியில் அதைவிடக் கூட ஏற்றலாம். மூன்று அச்சு, பத்து ரயர், முன் அச்சும் சேர்ந்து இழுக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஜிஎம்சி ஒரு லொறி செய்தது, இன்டர்நேஷனல் ஒன்று செய்தது, ஸ்டுடிபேக்கரும் ஒன்று செய்தது. அதுதான் யூஎஸ்6. உள்ளே இருந்தது ஸ்டுடிபேக்கரின் எஞ்சின்கூட இல்லை. ஒஹாயோவின் கன்டன் நகரில் ஹெர்குலிஸ் கம்பனி செய்த ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், 5.2 லீற்றர், 90 குதிரைவலுவுக்குக் கிட்ட. அஞ்சு கியர். கபின் சாதாரண வியாபார லொறிக்குப் போடுகிற மாதிரி மூடின இரும்புக் கபின். இதில் புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊரில ஒரு நல்ல கராச்சுக்காரன் பிரிச்சுப் பூட்டக்கூடிய வண்டி. அதுதான் அதின்ர பலம்.

ஆனால் அமெரிக்க இராணுவம் அதை எடுக்கவில்லை. யுத்தத்தில் மூன்று விதமான லொறி ஓடினால் மூன்று விதமான உதிரிப்பாகம் காவ வேண்டும். அதனால் தங்களுக்கு ஜிஎம்சி என்று முடிவெடுத்தார்கள். ஜிஎம்சி அந்த வகையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. ஸ்டுடிபேக்கரில் கொஞ்சம் 1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலை வெட்டுகிற வேலைக்குப் போனது. மிச்சத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தார்கள். 1941 மார்ச் 11இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட லெண்ட்-லீஸ் சட்டம் அதற்கு வழி வைத்தது: எங்கள் பாதுகாப்புக்கு உதவும் என்று நினைக்கிற நாட்டுக்குச் சாமானைக் கொடுப்போம், காசைப் பிறகு பார்ப்போம். அந்த வருட முடிவுக்குள் சோவியத் யூனியனும் பட்டியலில் சேர்ந்தது. மிச்சிகனில் ரியோ என்ற கம்பனியும் சேர்ந்து செய்ய, 1945 வரை மொத்தம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட யூஎஸ்6 வெளியே வந்தன. அவற்றில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் சோவியத்துக்குப் போயின.

சோவியத்திடம் லொறி இல்லாமல் இல்லை. ஃபோர்டின் உரிமத்தில் செய்த காஸ்-ஏஏ என்ற ஒன்றரைத் தொன் லொறி இருந்தது. முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராட்டுக்கு உறைந்த ஏரிக்கு மேலால் மா மூட்டை கொண்டு போனது அதுதான். ஸிஸ்-5 என்ற மூன்று தொன் லொறியும் இருந்தது. அதுக்கும் மூலம் ஒரு அமெரிக்க வண்டிதான். ஆனால் எல்லா அச்சும் இழுக்கிற மூன்றச்சு லொறியைச் சோவியத் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்யவில்லை. ரஷ்யாவில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வீதி வீதியாக இருக்காது. முழங்கால் அளவு சேறு. 1941இல் ஜேர்மன் படை மொஸ்கோவை நெருங்க, தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். கத்யூஷாவைச் சுமந்த ஸிஸ்-6 லொறியின் உற்பத்தி அந்த ஒக்டோபரோடு நின்றே போனது.

இங்கேதான் ஸ்டுடிபேக்கர் வருகிறது. மூன்று பாதையால் வந்தது. வட துருவக் கடலால் முர்மான்ஸ்க், ஆர்க்கங்கெல்ஸ்க் துறைமுகங்களுக்கு வந்தது ஒன்று. 1942 ஜூலையில் பிகியூ-17 என்ற கப்பல் தொடரில் 35 சரக்குக் கப்பல்களில் 24ஐ ஜேர்மன்காரர் மூழ்கடித்தார்கள். 3,350 வாகனங்கள் கடலுக்குள் போயின. இரண்டாவது பாதை பசிபிக். இதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அமெரிக்காவோடு யுத்தம் செய்துகொண்டிருந்த ஜப்பானின் கண்ணுக்கு முன்னால், சோவியத் கொடி கட்டின கப்பல்கள் அமெரிக்கச் சாமானை விளாடிவொஸ்தொக்குக்குக் கொண்டு போயின. ஜப்பானுக்கும் சோவியத்துக்கும் அப்ப சண்டையில்லை. ஆயுதம் ஏற்றக்கூடாது, மற்றதெல்லாம் சரி. மொத்த உதவியில் பாதியளவு வந்தது இந்த வழியால்தான்.

மூன்றாவது பாதை ஈரான். இந்தப் பாதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1941 ஓகஸ்டில் பிரித்தானியாவும் சோவியத்தும் இரண்டு பக்கத்தால் ஈரானுக்குள் இறங்கி நாட்டைப் பிடித்துக்கொண்டன. பாரசீக வளைகுடாவில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் இறங்கின. கொர்ரம்ஷாரிலும் அண்டிமெஷ்கிலும் கொதிக்கிற வெயிலில் ஈரானியத் தொழிலாளர்கள் அவற்றை லொறியாகப் பூட்டினார்கள். பூட்டின லொறியில் சாமானையும் ஏற்றி, மலை ஏறி, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி, வடக்கே சோவியத் ஆட்களிடம் கையளித்தார்கள். நாட்டின் ரயிலும் வீதியும் இந்த வேலைக்குப் போனதால் தானியம் ஊருக்கு ஊர் போகவில்லை. 1942-43இல் ஈரானில் பஞ்சம். 1942 டிசம்பரில் தெஹ்ரானில் பாணுக்காகக் கலவரம் நடந்தது. பஞ்சத்துக்குக் காரணம் இது மட்டுமில்லை, ஆனால் இதுவும் ஒன்று. லெண்ட்-லீஸைப் பற்றி எழுதுகிற அமெரிக்கப் புத்தகமும் சரி ரஷ்யப் புத்தகமும் சரி, இந்த இடத்தைக் கெதியாகக் கடந்துவிடும்.

சரி, லொறி வந்து சேர்ந்தது. சாரதிகள் அதற்குச் செல்லமாக 'ஸ்டுடெர்' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கி இழுத்தது, ஷெல் காவினது, ஆட்களை ஏற்றினது, காயக்காரரைத் திருப்பிக் கொண்டு போனது. 1943இல் பிஎம்-13என் என்ற கத்யூஷா வகையை நேரே ஸ்டுடிபேக்கர் அடிச்சட்டத்துக்கென்றே தரப்படுத்திச் செய்தார்கள். யுத்தம் முடிய முன்னர் ஏறத்தாழ 1,800. 1944 ஜூன் கடைசியில் பெலாருஸில் 'பக்ரத்தியோன்' நடவடிக்கை தொடங்கியது. ஜூலை 3ஆம் திகதி மின்ஸ்க் விழுந்தது. பதினொரு, பன்னிரண்டு நாள். 1941இல் கால்நடையாகப் பின்வாங்கின படை, இப்போது பீரங்கியையும் பெற்றோலையும் சாப்பாட்டையும் கூடவே உருட்டிக்கொண்டு முன்னேறியது. எதிரே நின்ற ஜேர்மன் படையின் பெரும்பகுதி அப்பவும் குதிரை வண்டிலில்தான் சாமான் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டுடிபேக்கர் கம்பனி எண்பது வருசத்துக்கு முதல் வித்த சாமான்! அதே ஜூலையில் செம்படை மைதானெக் வதைமுகாமைத் திறந்தது. 1945 ஜனவரி 27இல் ஔஷ்விட்ஸ். அந்தப் படைகளுக்குப் பின்னால் ரொட்டியும் வெடிபொருளும் கொண்டு வந்தது இந்த லொறிகள்.

கட்டுரையை இதோட முடிச்சிருந்தால் நல்ல வடிவான கதை. பாசிசத்தை முறியடிச்ச லொறி. இணையத்தில் இருக்கிற முக்கால்வாசிக் கட்டுரைகள் இப்பிடித்தான் முடியுது.

ஆனால் 'ஸ்டுடிபேக்கர்' என்ற சொல்லை ரஷ்ய மொழியில் நடந்த யுத்தகால நினைவுகளோடு சேர்த்துத் தேடினால், சாரதிகளுக்கு அடுத்தபடியாக வருகிற ஆக்கள் வேற. செச்சென் கிழவிகள். இங்குஷ் கிழவர்கள். கல்மிக், பால்கார் ஆக்கள். அப்ப அவர்களுக்கு ஐந்து வயது, ஏழு வயது, பத்து வயது. பலருக்கு ரஷ்ய மொழிகூடத் தெரியாது. அந்த லொறியின் பெயர் மட்டும் தெரியும்.

1944 பெப்ரவரி 23. செம்படை தினம், சோவியத்தில் பெரிய நாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே செச்சென்-இங்குஷ் குடியரசின் ஊர்களுக்குள் படையினர் வந்து தங்கியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னார்கள். சனம் வீட்டில் இடம் கொடுத்தது, சாப்பாடு கொடுத்தது. விருந்தாளியைக் கவனிக்கிறது கோகசஸ் மலை ஊர்களில் மானப் பிரச்சினை. அன்று விடிய, செம்படை தினக் கூட்டம் என்று ஆம்பிளையளை ஊர்ச் சதுக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். வந்தவர்களைத் துப்பாக்கியோடு சுற்றி வளைத்து ஒரு ஆணையை வாசித்தார்கள். முழு இனமும் இங்கேயிருந்து வெளியேற்றப்படுகிறது. வீடுகளுக்குள் தங்கியிருந்த அதே படையினர் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே எடுத்தார்கள். எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள்: கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்துக்குள்ள எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்ற கேள்வியை இதை வாசிக்கிற கனபேருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வாசலில் லொறி நின்றது. ஸ்டுடிபேக்கர். மலை ஊரிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் அதில் கொண்டு போய், சரக்கு ரயிலில் அடைத்தார்கள். இரகசியப் பொலிசின் தலைவர் பேரியா நேரே குரோஸ்னிக்கு வந்து நின்று இதை நடத்தினார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஸ்டாலினுக்கு அவர் அனுப்பின கணக்கு: 478,479 பேர், அதில் 91,250 பேர் இங்குஷ், 180 ரயில்கள். மலையில் பனி கொட்டினதால் சில ஊர்களை இறக்கச் சுணங்கிவிட்டது என்பதையும் அறிக்கையில் எழுதினார். ஒரு லொறிக் கம்பனி மனேஜர் எழுதுகிற மாதிரியே இருக்கிறது அந்த மொழி. கசக்ஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களில், பயணத்திலும் முதல் சில வருடங்களின் பசியிலும் ரைபஸ் காய்ச்சலிலும் செத்தவர்கள் நாலில் ஒரு பங்கு வரை இருக்கும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மார்ச் 7ஆம் திகதி அந்தக் குடியரசே இல்லாமல் போனது.

சொன்ன காரணம்: ஜேர்மன்காரனோடு சேர்ந்தார்கள். ஜேர்மன் படை அந்தக் குடியரசின் ஒரு ஓரத்தைத்தான் தொட்டது. செச்சென் பெடியள் ஆயிரக்கணக்கில் செம்படையில் இருந்தார்கள். எல்ப் நதியில் அமெரிக்கப் படையைச் சந்தித்த சோவியத் அதிகாரிகளில் ஒருவர் மொவ்லித் விசைதோவ் என்ற செச்சென் தளபதி. அமெரிக்கா அவருக்கு விருது கொடுத்தது. அந்த நேரம் அவருடைய சனம் கசக்ஸ்தான் வெளியில் கிடந்தது. 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது 1990இல், அவர் இறந்த பிறகு.

இது ஒரு நாள் நடந்த பிழையில்லை. 1943 நவம்பரில் கராச்சாய் மக்கள். டிசம்பர் 28இல் கல்மிக் மக்கள் 90 ஆயிரத்துக்கு மேல், நடுக் குளிரில், சைபீரியாவுக்கு. 1944 மார்ச்சில் பால்கார் மக்கள். மே 18இல் கிரிமியத் தாத்தார்கள், ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். கிரிமியத் தாத்தார்கள் பற்றின ஆணையில் ஒரு குடும்பம் 500 கிலோ வரை சாமான் கொண்டு போகலாம் என்று எழுதியிருந்தது. கதவைத் தட்டினவன் கொடுத்தது பதினைந்து நிமிசம்.

ஏன் ஸ்டுடிபேக்கர்? பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை, லொறியின் குணம்தான் காரணம். பனி, சேறு, ஏற்றம் எதிலும் ஏறும். ஈரான் பாதையால் வந்த லொறிகள் கோகசஸ் வழியாகத்தான் வடக்கே போயின, பக்கத்திலேயே இருந்தன. எந்தச் சேற்றைத் தாண்டி மின்ஸ்க்குக்குப் போனதோ, அதே சேற்றைத் தாண்டி ஒரு மலை ஊரை அரை நாளில் வெறுமையாக்கவும் அதால் ஏலும். நாலு மாதம் பழைய காஸ்-ஏஏயை வைத்து இதை இந்த வேகத்தில் செய்திருக்க முடியுமா எண்டு யோசிச்சுப் பார்க்கிறேன். செய்திருப்பாங்கள், ஆனால் ஊர்களுக்குச் செய்தி முந்திப் போயிருக்கும், கனபேர் மலைக்கு ஏறியிருப்பினம். இது என்னுடைய ஊகம்.

கொடுத்தவர்கள் கேட்கவில்லை. லொறி கை மாறின பிறகு அதை எங்கே ஓட்டுகிறாய் என்று வொஷிங்டன் மொஸ்கோவிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திராது. வர்லாம் ஷலாமோவ் கொலிமா முகாம்களைப் பற்றி எழுதின கதைகளில் ஒன்றின் பெயரே லெண்ட்-லீஸ் பற்றியதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரக் கிறீஸை வெண்ணெய் என்று நினைத்துக் கைதிகள் அள்ளித் தின்கிற இடம் அதில் வரும். அங்கே வந்து இறங்கினது ஒரு புல்டோசர். அது என்ன வேலைக்குப் போகிறது என்பதைக் கதையில் வாசியுங்கோ, நான் சொல்லமாட்டேன்.

யுத்தம் முடிந்தது. இனி இந்த லொறியை மறக்கடிக்க வேண்டும். பனிப்போர் தொடங்கின பிறகு, வெற்றிக்கு அமெரிக்க லொறி உதவினது என்று சொல்வது சங்கடம். சோவியத்தின் திட்டப் பொருளாதாரத் தலைவர் வொஸ்னெசென்ஸ்கி, நேச நாடுகள் அனுப்பினது எங்கள் உற்பத்தியில் வெறும் 4 வீதம் என்று புத்தகம் எழுதினார். 1950இல் ஸ்டாலின் அவரையே சுட்டுக் கொன்றார், ஆனால் அந்த 4 வீதம் மட்டும் பல வருடம் உயிரோடு இருந்தது. ஊர் ஊராக நினைவுச்சின்னம் எழும்பினபோது கத்யூஷாவை ஸிஸ் லொறியிலோ, யுத்தத்துக்குப் பிறகு செய்த சோவியத் லொறியிலோ ஏற்றி வைத்தார்கள். யுத்தத்தில் கூடுதலாகச் சுமந்த லொறியைச் சின்னத்தில் காணக் கிடைக்காது. சோவியத் தொலைக்காட்சியில் அது ஒருமுறை நல்லாகத் தெரிந்தது: 1979இல் வந்த, விசோத்ஸ்கி நடித்த பொலிஸ் தொடர் ஒன்றில். தப்பி ஓடுகிற கள்ளனின் வண்டியாக!

இந்த மூடலைத் திறந்தவர்களில் குருஷேவ் முக்கியமானவர், அதுவும் இரண்டு பக்கத்தையும். 1956 பெப்ரவரியில் கட்சி மாநாட்டின் இரகசிய உரையில் கராச்சாய், கல்மிக், செச்சென், இங்குஷ், பால்கார் மக்களை நாடுகடத்தினதைக் குற்றமென்று வாய் திறந்து சொன்னார். (கிரிமியத் தாத்தார்களைச் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் முப்பது வருடம் காத்திருந்தார்கள்.) பதவி போன பிறகு ஒலிநாடாவில் பதிந்து, 1970இல் வெளிநாட்டில் வெளிவந்த நினைவுக்குறிப்பில், அமெரிக்க லொறி இல்லாமல் ஸ்டாலின்கிராட்டிலிருந்து பெர்லின் வரை போயிருப்பது எப்படி என்று தானே கேட்டார். ஆனால் அந்த லொறியும் அந்த மக்களும் ஒரே இடத்தில் சந்தித்ததைப் பற்றி அவர் பேசினதாக நான் காணவில்லை.

இணையத்தில் இந்த லொறியைப் பற்றி நடக்கிற சண்டையும் அப்பிடித்தான். ஒரு பகுதி, அமெரிக்கா லொறி கொடுக்காட்டி ரஷ்யன் தோத்திருப்பான் எண்டு நிற்கும். மற்றப் பகுதி, 2 கோடி 70 இலட்சம் பேரைப் பலி கொடுத்த நாட்டைப் பார்த்து லொறிக் கணக்குக் காட்டாதே எண்டும். இரண்டாவது பகுதியின் கோபம் எனக்கு விளங்குது. முதலாவதின் கணக்கும் பெரிய பிழையில்லை. ஆனால் இரண்டு பேருடைய கணக்கிலும் லொறியின் பின்பக்கத்தில், மூட்டைக்கு மேல இருக்கிற பிள்ளை இல்லை.

கடன் கணக்கு மட்டும் ஒழுங்காகத் தீர்க்கப்பட்டது. 1972இல் இரண்டு வல்லரசுகளும் இருந்து பேசி, 722 மில்லியன் டொலர் என்று முடித்தன. ஹொஃப்மன்? அவர் 1948இல் ஸ்டுடிபேக்கரை விட்டு மார்ஷல் திட்டத்தை நடத்தப் போனார். சோவியத்துக்கு லொறி செய்து அனுப்பின கம்பனியின் தலைவர், சோவியத் செல்வாக்கு மேற்கு ஐரோப்பாவுக்குள் வராமல் தடுக்கிற காசைப் பங்கிட்டார். கம்பனி 1963 டிசம்பரில் சவுத் பென்ட் தொழிற்சாலையை மூடியது. ஒரு ஊரே வேலையிழந்தது. 1966இல் கனடாவில் கடைசிக் கார் வெளிவந்தது.

பெப்ரவரி 23 ரஷ்யாவில் இன்றைக்கும் படையினர் தினம், பொது விடுமுறை. செச்னியாவில் நாடுகடத்தலை நினைவுகூருகிற நாளை இப்போதைய ஆட்சி மே 10க்கு மாற்றிவிட்டது. அது ஆட்சியாளரின் தகப்பனை அடக்கம் செய்த நாள். 2014 பெப்ரவரியில், எழுபதாவது ஆண்டைப் பற்றிக் குரோஸ்னியில் கருத்தரங்கு வைத்த ருஸ்லான் குதாயேவ் சில நாளில் கைதானார். போதைப்பொருள் வழக்கு. நாலு வருடம் தீர்ப்பு. அதே மாதம், நாடுகடத்தல் நினைவிடத்தில் இருந்த பழைய கல்லறைக் கற்களையும் கழற்றிக் கொண்டு போனார்கள்.

1957இல் திரும்பிப் போகலாம் என்று அனுமதி வந்தபோது செச்சென் மக்கள் கசக்ஸ்தானில் புதைத்த தங்கள் ஆக்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, பையிலும் பெட்டியிலும் கட்டி, ரயிலில் கொண்டு வந்தார்கள். மலை ஊர்கள் பலவற்றுக்குத் திரும்ப விடவில்லை. அந்த நேரம் ஸ்டுடிபேக்கர்கள் தேய்ந்து முடிந்துவிட்டன. சோவியத் வீதிகளில் எங்கு பார்த்தாலும் காஸ்-51 லொறி. அந்த லொறிக் குடும்பத்துக்கு யுத்தகாலத்தில் செய்து பார்த்த மாதிரி வண்டிகளில் பூட்டியிருந்தது ஸ்டுடிபேக்கரின் கபின்.